வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய்: வீவக வீட்டில் ஹெர்ம்ஸ் அமைப்பது எப்படி

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஊறல் ஒரு தலைவலி. (ஊறல் என்றதும் ஊர்ப்பக்கம் போலீஸ் மண்பானையை உடைக்கும் செய்திதான் ஞாபகம் வரும். என்ன செய்வது, மாஷ் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்கவில்லை.) உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சூடு 66, 67 டிகிரியில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் பியர் சப்பென்று வரண்டு போகும், ஏறினால் இனிப்பு தங்கிவிடும். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். துணி சுற்றி வைத்தால் எவ்வளவு இறங்கியது என்று திறந்து பார்த்துப் பார்த்தே மீதிச் சூடும் போய்விடும்.

ஹெர்ம்ஸ் (HERMS) என்ற அமைப்பு இதற்கு ஒரு நல்ல வழி. ஊறல் பாத்திரத்தின் அடியிலிருந்து இனிப்புச் சாற்றை, அதாவது வொர்ட்டை, ஒரு பம்பு இழுக்கிறது. அது வெந்நீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சுருள் குழாய் வழியாகப் போய், சூடேறி, மறுபடியும் ஊறலின் மேல் வந்து விழுகிறது. தண்ணீரைச் சூடாக்கும் மின் எலிமென்ட் வொர்ட்டைத் தொடுவதே இல்லை, அதனால் கருகல் என்ற பேச்சே கிடையாது.

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைப் பின்கட்டில் இதை இரண்டு முறை கட்டியிருக்கிறேன். முதல் முறை கட்டியதை முழுக்கப் பிரிக்க வேண்டி வந்தது. கீழே இருப்பது இரண்டாவது முறை செய்தது.

முதலில் சட்டம்

சிங்கப்பூரில் 2004 முதல் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பது அறவே கூடாது, இந்தச் சுருள் குழாயைப் பார்த்து யாருக்கும் அந்த ஆசை வந்துவிட வேண்டாம். இந்த 30 லிட்டர்தான் நம் அமைப்பின் அளவையும் முடிவு செய்கிறது. 20 முதல் 23 லிட்டர் பியர் தரும் அமைப்புப் போதும். வெளிநாட்டு வீடியோக்களில் டிரம் அளவுக்குத் தொட்டி வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

என்ன வாங்குவது

தொட்டி: 40 செ.மீ. விட்டம், 40 செ.மீ. உயரம் உள்ள எவர்சில்வர் அண்டா. விளிம்பு வரை 50 லிட்டர் பிடிக்கும். தேக்காவில் கல்யாணச் சமையலுக்கு விற்கும் அண்டாவே போதும், ஆனால் சுவர் தகடு மெல்லியதாக இருந்தால் துளையைச் சுற்றி நெளிந்து ஒழுகும். விரலால் அழுத்திப் பார்த்து, உள்வாங்காததை எடுங்கள்.

காயில், அதாவது சுருள் குழாய்: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அரை அங்குல வெளிவிட்டம், அதாவது 12.7 மி.மீ. நீளம் 7.5 மீட்டரா, 15 மீட்டரா என்று ஒரு பெரிய விவாதம் உண்டு. சூட்டை ஒரே இடத்தில் பிடித்து வைக்க 7.5 போதும். நம் வீட்டுக்குள் எப்போதும் 30 டிகிரிக்குப் பக்கம் இருப்பதால் ஊறல் இழக்கும் சூடு குறைவு. 15 மீட்டரின் அருமை கடைசியில், குளிரவைக்கும்போதுதான் தெரியும். அதற்காகவே நான் 15 வாங்கினேன்.

செம்புதானே சூட்டை நன்றாகக் கடத்தும் என்று கேட்பார்கள். ஆமாம், 304 ஸ்டீலைவிட சுமார் 25 மடங்கு. ஆனால் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. அந்த மெல்லிய சுவரைத் தாண்டுவது சூட்டுக்குப் பெரிய காரியமே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது: குழாயை வெளியே ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் நீர்ப்படலம். அந்தத் தண்ணீர் அசையாவிட்டால் தங்கக் குழாய் போட்டாலும் ஒன்றும் நடக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு தடவை காய்ச்ச வேண்டியிருந்தது.

மற்றவை: காயிலின் இரண்டு முனைகளுக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (நட்டை இறுக்கினால் உள்ளே ஒரு வளையம் குழாயைக் கவ்விப் பிடிக்கும்), தொட்டிச் சுவர்த் துளையில் மாட்டும் அரை அங்குல பல்க்ஹெட் ஃபிட்டிங் மூன்று, சிலிக்கான் ஓ-ரிங், பால் வால்வு, உணவுத் தரச் சிலிக்கான் ஹோஸ், சூடு தாங்கும் காந்த இயக்கப் பம்பு இரண்டு, 2,500 வாட் எலிமென்ட், வெப்ப உணரியோடு, சூட்டைத் தானே சீராக வைக்கும் ஒரு பிஐடி கன்ட்ரோலர். கன்ட்ரோலரும் உணரியும் சிம் லிம் டவரில் கிடைக்கும். குழாய்ச் சாமான்களுக்கு ஜாலான் புசார் பக்கம் உள்ள ஹார்ட்வேர் கடைகள்.

அந்தக் கடைகளுக்குப் போகுமுன் இரண்டு விஷயம். பழைய கடைகளில் அரை அங்குலத்தை ஹொக்கியனில் 'சி ஹுன்' என்பார்கள், நாலு பங்கு என்று அர்த்தம். முக்கால் அங்குலம் 'லாக் ஹுன்', ஆறு பங்கு. "அங்கிள், சி ஹுன்" என்றால் மறுகேள்வி இல்லாமல் எடுத்து வைப்பார். ஆனால் அவர் எடுத்து வைப்பது பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் மரை, இங்கே எல்லாம் அதுதான். இணையத்தில் வாங்கும் பியர் சாமான்கள் பெரும்பாலும் அமெரிக்க என்பிடி மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று அழகாக ஏறும். மூன்று சுற்று ஏறியதும் 'ஆஹா' என்று இருக்கும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, இன்னொன்றில் 60. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் சூடேறியதும் கசியும். ஒரே மரையில் எல்லாவற்றையும் வாங்குங்கள்.

இரண்டாவது, வீட்டுக் குழாய்வேலைக்கு விற்கும் 15 மி.மீ. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் நம் 12.7 மி.மீ. காயிலுக்குச் சேராது. காயிலில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இணைப்பு எங்கே இருக்க வேண்டும்

முதல் முறை நான் செய்த தப்பு இதில்தான். தொட்டிச் சுவரில் பல்க்ஹெட் போட்டு, அதன் உள்பக்கத்தில் காயிலை இணைத்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூன்றாவது முறை காய்ச்சும்போது வெந்நீர்த் தொட்டியைத் திறந்தால் தண்ணீர் இளம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து நாக்கில் வைத்தேன், இனிப்பு. உள்ளே இருந்த நட்டு ஒன்று தளர்ந்து, வொர்ட் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை அப்படிக் கலந்ததோ. என் மனைவி எட்டிப்பார்த்து, "என்னங்க, இதுக்கு நான் டீயே போட்டுத் தந்திருப்பேனே" என்றாள்.

ஆகவே விதி: வொர்ட் போகும் பாதையில் எந்த இணைப்பும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. இதற்கென்று உள்துளை முழுக்கத் திறந்த கம்ப்ரெஷன் ஃபிட்டிங் உண்டு. சாதாரண ஃபிட்டிங்கில் குழாய் உள்ளே போய் ஒரு விளிம்பில் முட்டி நிற்கும். இதில் முட்டாமல் மறுபக்கம் வந்துவிடும். ஃபிட்டிங் சுவரில் நிற்கும், குழாய் அதன் வழியே வெளியே நீளும், நட்டை வெளியே இறுக்குவோம். கசிந்தால் தரையில் சொட்டும், கண்ணில் படும்.

துளைகள்

ஆறு துளைகள். காயில் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. அடியில் தண்ணீர் வெளியேற ஒன்று. அந்தத் தண்ணீர் பம்பு வழியாகத் திரும்பி வர மேலே ஒன்று. எலிமென்ட்டுக்கு ஒன்று, உணரிக்கு ஒன்று.

உயரம் முக்கியம். எலிமென்ட் அடியிலிருந்து 5 செ.மீ. காயிலின் கீழ் முனை 8 செ.மீ. 15 மீட்டர் குழாயை 30 செ.மீ. விட்டத்தில் சுருட்டினால் 16 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். சுற்றுக்குச் சுற்று 3 மி.மீ. இடைவெளி விட்டால் உயரம் 26 செ.மீ. ஆக, மேல் முனை 34 செ.மீ. தண்ணீர் 36 செ.மீ. வரை நின்றால் காயில் முழுக்க மூழ்கும், அதற்கு 45 லிட்டர் வேண்டும். உணரியை நடு உயரத்தில், எலிமென்ட்டுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.

காயில் சுற்றுகளை ஒட்டிப் போட்டு விற்பார்கள். கையால் மெதுவாக இழுத்து இடைவெளி உண்டாக்குங்கள், தண்ணீர் உள்ளே புகுந்து வர வழி வேண்டும். நேர்க் குழாயாக வாங்கிச் சுருட்டப் போகிறீர்கள் என்றால், உலர்ந்த பொடி உப்பை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்து, 20 லிட்டர் பெயிண்ட் வாளியைச் சுற்றி வளையுங்கள், நசுங்காது. பிறகு வெந்நீர் விட்டு உப்பைக் கரைத்து, நன்றாக அலசிவிடுங்கள். உப்பு தங்கினால் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உண்மையைச் சொன்னால், சுருட்டியதை வாங்குவதுதான் நிம்மதி.

அரை அங்குல மரைக்கு 21 மி.மீ. துளை. என்பிடி என்றால் ஒரு நூலிழை கூடுதல். எலிமென்ட் ஓர் அங்குல பிஎஸ்பி மரையாக இருந்தால் 33 முதல் 34 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளை போடும்போது வேகம் எதிரி. அதிக வேகத்தில் சூடேறினால் அந்த இடம் இறுகி, பிறகு எந்த பிட்டுக்கும் மசியாது. குறைந்த வேகம், நல்ல அழுத்தம், சொட்டுச் சொட்டாக வெட்டு எண்ணெய். முதலில் 3 மி.மீ. துளை, அப்புறம் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் டிரில் பிட். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாகப் போகிறது, பொடியாக வந்தால் தேய்க்கிறீர்கள் என்று பொருள். முடிந்ததும் இருபக்கமும் அரம் போட்டு மழுக்குங்கள், கூர் விளிம்பு ஓ-ரிங்கை வெட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்யாதீர்கள், அண்டா ஒலிபெருக்கி மாதிரி. மாடி முழுக்கக் கேட்கும்.

காயிலை உள்ளே இறக்குவது

இரண்டு முனைகளும் காயிலிலிருந்து வெளிப்பக்கமாக 10 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். அப்படி நீண்டதை எப்படி அண்டாவுக்குள் இறக்குவது என்று முதலில் விழிப்பீர்கள். அண்டா 40, காயில் 30, மொத்த இடைவெளி 10. காயிலை எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு இறக்கினால் முனைகள் நேராகத் துளைகளுக்கு எதிரே வந்து நிற்கும். பிறகு இந்தப் பக்கம் தள்ளினால் இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே எட்டிப்பார்க்கும். காயில் நடுவில் நிற்கும்போது 5 செ.மீ. வெளியே இருக்கும், நட்டுக்குப் போதும். முனைகளின் வெட்டு விளிம்பை முன்பே மழுக்கியிருங்கள்.

ஃபிட்டிங்கில் வரிசை இது: உள்ளே தலை, பிறகு ஓ-ரிங், சுவர், வாஷர், வெளியே நட்டு. சுவர் வளைவாக இருப்பதால் தடிமனான ஓ-ரிங் வேண்டும், 3 மி.மீ. அல்லது மேல். ஓ-ரிங் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். குழாய் முனையின் கம்ப்ரெஷன் நட்டை விரலால் முடிந்தவரை இறுக்கி, ஒரு மார்க்கர் கோடு போட்டு, ஸ்பானரால் ஒன்றேகால் சுற்று. அதற்கு மேல் போனால் வளையம் குழாயை நசுக்கிவிடும்.

வொர்ட் கீழ் முனையில் நுழைந்து மேல் முனையில் வெளியேறட்டும். அப்போதுதான் காற்று முழுக்க மேலே தள்ளப்பட்டு வெளியேறும். மாற்றிக் கொடுத்தால் காற்று சிக்கி, பம்பு இருமும்.

கசிவுச் சோதனை: ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஹோஸ் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தொட்டியைத் தண்ணீரால் நிரப்புங்கள். உள்ளே குமிழி வந்தால் குழாயிலேயே ஓட்டை. வெளியே உள்ள நட்டுகளுக்குச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

தண்ணீர் சுழல வேண்டும்

என் முதல் அமைப்பில் தொட்டி 70 டிகிரி காட்டும், ஊறல் 63-ஐத் தாண்டாது. காயில் போதவில்லை என்று நினைத்து இன்னொரு காயில் வாங்கக் கிளம்பிவிட்டேன். அதற்குள் ஒரு நண்பர் வந்து, இரண்டு தெர்மாமீட்டரை நூலில் கட்டி, ஒன்றை மேலேயும் ஒன்றை அடியிலும் தொங்கவிட்டார். மேலே 71. அடியில் 58. எலிமென்ட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் சூடேறி மேலேயே மிதக்கிறது, கீழே உள்ளது அப்படியே கிடக்கிறது. போதாக்குறைக்கு, காயில் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டை உறிஞ்சிவிட்டு ஒரு குளிர்ந்த உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீண்ட கரண்டியால் கலக்கினோம், பத்து நிமிடத்தில் ஊறல் ஏறத் தொடங்கியது.

அதனால்தான் இரண்டாவது பம்பு. அடித் துளையிலிருந்து தண்ணீரை இழுத்து, மேல் துளை வழியாகத் திருப்பி விடுகிறது. மேல் துளையின் உள்பக்கத்தில் ஓர் எல்போ மாட்டி, வாயைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்புங்கள், நீர்மட்டத்துக்குக் கீழே. தண்ணீர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓடும். இது வந்த பிறகு மேலும் கீழும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை, தொட்டியை ஊறலைவிட 1 முதல் 2 டிகிரி கூடுதலாக வைத்தாலே நிற்கிறது. பணம் ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால், நீளமான காயிலை விட்டுவிட்டு இந்தப் பம்பை வாங்குங்கள்.

பம்பு இரண்டும் பாத்திரங்களுக்குக் கீழே உட்கார வேண்டும், இவை தாமாக உறிஞ்சாது. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பம்பிலிருந்து வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள், உள்ளே நுழையும் பக்கத்தை அல்ல.

மின்சாரம்

இங்கே அவசரம் வேண்டாம். நம் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 2,990 வாட் வரைதான். அதையும் ஒரு மணி நேரம் முழுக்க இழுத்தால் பிளக் கையைச் சுடும். 2,500 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். நீட்டிப்பு வயர் கூடாது. வேறு பெரிய எதுவும் அதே இணைப்பில் ஓடக் கூடாது.

அண்டாவின் உடலை மின் இணைப்பின் எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். வீட்டின் மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுக்க மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் பியரை மறந்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வீட்டு வயரிங்கில் எதை மாற்றுவதானாலும் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

எலிமென்ட் மூழ்காமல் ஒரு தடவை ஓடினாலும் போச்சு. தண்ணீர் நிரப்பிய பிறகே பிளக்கைச் செருகுவது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். 45 லிட்டர் என்றால் 45 கிலோ, அண்டா தனி. மடக்கு மேசையை நம்பாதீர்கள்.

முதல் ஓட்டம்

புதுக் காயிலுக்குள் ஆலை எண்ணெய் இருக்கும். வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் என்ற கழுவும் பொடியைக் கரைத்து 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு தடவை அலசுங்கள்.

காய்ச்சும் நாளில் தொட்டியை 36 செ.மீ. வரை நிரப்புங்கள். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் உண்டு, கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது, பியரில் மருந்து வாடை கொடுக்கும். அதை நீக்க ஒரு கேம்ப்டன் மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். ஊறலுக்கான 16 லிட்டரையும் ஊறல் பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு பம்பையும் ஓடவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சூடேறும். குழாயிலேயே தண்ணீர் 28, 29 டிகிரியில் வருவதால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

மால்ட்டைக் கொட்டிக் கிளறியதும் உடனே பம்பைப் போடாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் படியட்டும். அப்புறம் வால்வைக் கால்வாசி திறந்து தொடங்கி, மெல்ல நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் வரை கொண்டு வாருங்கள். ஒரு லிட்டர் குடுவை 15 முதல் 20 வினாடியில் நிறைந்தால் சரி. பேராசைப்பட்டால் மால்ட் அமுங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பம்பை நிறுத்தி, கிளறி, மறுபடியும் பத்து நிமிடம்.

சூட்டை இரண்டு இடத்தில் பாருங்கள்: தொட்டியிலும், காயிலிலிருந்து வெளியேறும் வொர்ட்டிலும். பிஐடி தொட்டியைக் கட்டுப்படுத்தட்டும். ஊறலின் சூட்டை வைத்து எலிமென்ட்டை ஓட்டினால், ஊறல் மெதுவாக ஏறுவதைப் பார்த்துப் பதறி, தொட்டியை 85-க்கு ஏற்றிவிடும். வெளியேறும் வொர்ட்டில் இருக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். கடைசியில் 76-க்கு ஏற்றி முடியுங்கள். அதற்கு மேல் மால்ட்டின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கத் தொடங்கும். ஊறல் முடிந்து பம்பை நிறுத்திய பிறகே தொட்டித் தண்ணீரை மால்ட்டை அலச எடுங்கள், முன்னதாக எடுத்தால் காயிலின் மேல் சுற்றுகள் வெளியே தெரியும்.

அதே காயிலில் குளிரவைப்பது

வொர்ட்டைக் கொதிக்கவைத்து முடிக்கும் கடைசிப் பத்து நிமிடம், கொதிக்கும் வொர்ட்டையே காயில் வழியாக ஓடவிடுங்கள், உள்ளே கிருமி நீங்கும். அதற்கு முன்பே தொட்டியின் வெந்நீரை வெளியேற்றியிருக்க வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரை நிரப்பி, சூடாகச் சூடாக மாற்றி, வொர்ட்டை 40-க்குக் கொண்டு வாருங்கள். 29 டிகிரித் தண்ணீரால் அதற்குக் கீழே இறங்குவது நத்தை வேகம். இனி ஐஸ். 20 லிட்டர் வொர்ட்டை 40-லிருந்து 20 டிகிரிக்கு இறக்க, வொர்ட்டுக்கு மட்டும் கணக்குப்படி 5 கிலோ வந்தாலும், காயிலுக்கு இரண்டு பக்கமும் சூட்டு வித்தியாசம் வேண்டும் என்பதால் 12 கிலோ வாங்குகிறேன். சுழற்சிப் பம்பு இங்கேயும் ஓட வேண்டும்.

ஐஸ் தூக்க மனமில்லாத மாதங்களில் 35-லேயே நிறுத்தி, நார்வே நாட்டுக் கிராமத்து ஈஸ்ட்டான குவைக்கைப் போட்டுவிடுவேன். அது 30 டிகிரிக்கு மேலும் ஆனந்தமாக வேலை செய்யும். நம் ஊருக்கென்றே பிறந்தது போல.

கழுவுவது

15 மீட்டர் காயிலுக்குள் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வொர்ட் தங்கும். அன்றைக்கே கழுவாவிட்டால் நம் வெக்கையில் மறுநாள் புளித்த வாடை ஹால் வரை வரும். முதலில் வெந்நீர், அடுத்து 60 டிகிரி பெர்கார்பனேட் இருபது நிமிடம், பிறகு நல்ல தண்ணீர். குளோராக்ஸ் வகை வெளுப்பான் வேண்டாம், ஸ்டீலை அரிக்கும். கீழ் முனையைத் திறந்து, மேல் முனையில் வாயை வைத்து ஊதுங்கள். கடைசிச் சொட்டும் விழுந்ததும் இரண்டு முனைகளிலும் சிறு துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். மூடியால் அடைத்தால் உள்ளே ஈரம் நிற்கும், திறந்தே விட்டால் ஒரு மாதத்தில் கரப்பான் குடி வந்துவிடும்.